வாசற்படி மட்டம்

கொடுங்கையூர்த் தெருவில் மாநகராட்சி இன்ஜினீயர் டேப்பை வெளியே எடுத்தால் நாலு பேர் கூடிவிடுவார்கள். ரோடு எப்போது வரும் என்று யாரும் கேட்பதில்லை. “இன்னா சார், இந்த வாட்டி எத்தினி இன்ச்சு ஏத்தப் போறீங்க?” என்றுதான் கேட்பார்கள். அந்தக் கேள்வியில் கிண்டல் பாதி, பயம் பாதி. ரோடு நாலு அங்குலம் ஏறினால் அவர்களுக்கு ஒரு வாசற்படி போயிற்று. இன்னொரு நாலு ஏறினால் மழைத்தண்ணீர் கூடத்துக்குள் வந்துவிடும்.

சென்னை மாநகராட்சியின் நான்காவது மண்டலமான தண்டையார்பேட்டைக்குள் வருகிறது கொடுங்கையூர். முதலில் உதவிப் பொறியாளர், பிறகு உதவி செயற்பொறியாளர் என்று என் சர்வீஸில் பெரும்பகுதி வடசென்னையில்தான் கழிந்தது. பஸ் போகும் சாலைகளைப் பார்க்க மாநகராட்சியில் தனிப் பிரிவு இருக்கிறது. நெடுஞ்சாலைத் துறையின் சாலைகள் வேறு. எங்கள் பொறுப்பில் இருந்தவை உட்புறச் சாலைகள்: ஐந்து மீட்டர், ஆறு மீட்டர் அகலத்தில், இரண்டு பக்கமும் வீடும் பைக்கும் தண்ணீர்க் குடமுமாக இருக்கும் தெருக்கள். திறப்பு விழா நடக்காத ரோடுகள் இவை.

இந்த வேலையில் தார் இரண்டாவதுதான். முதல் வேலை மட்டம் பார்ப்பது. கல்லூரியில் இதைச் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். ஆனால் கொடுங்கையூர் போன்ற பள்ளமான ஊரில் இரண்டு மழைக்காலம் பார்த்த பிறகுதான் அது உறைக்கும்.

கடல் மட்டத்துக்குச் சில மீட்டர் உயரத்தில் கிடக்கிற தட்டையான பூமி இது. இந்தப் பக்கத்து மழைத்தண்ணீர் கேப்டன் காட்டன் கால்வாயில் இறங்கி, பக்கிங்ஹாம் கால்வாயைப் பிடித்து, வடக்கே எண்ணூர் முகத்துவாரம் வழியாகக் கடலில் சேர வேண்டும். கடல் ஏற்றமாக இருக்கும் நேரத்தில் முகத்துவாரம் தண்ணீரைச் சீக்கிரம் வாங்காது. கால்வாய் நிரம்பி நிற்கும். தெருவடிகாலின் வாய் அந்தத் தண்ணீருக்குள் மூழ்கிவிட்டால், வடிகாலை எவ்வளவு நன்றாகக் கட்டியிருந்தாலும் அது வெறும் தொட்டிதான். ஆயிரத்துக்கு ஒன்று என்று மிகச் சொற்பமான சரிவு கொடுத்தாலும், ஐந்நூறு மீட்டர் நீளத்துக்கு அரை மீட்டர் இறக்கம் வேண்டும். அந்த அரை மீட்டர் இங்கே சுலபமாகக் கிடைக்காது.

மேலே மழை என்றால் கீழே வேறு கதை. வடசென்னையின் சாக்கடை வந்து சேரும் பெரிய சுத்திகரிப்பு நிலையம் கொடுங்கையூரில் இருக்கிறது. அதையொட்டி 2019இல் வந்த இன்னொரு நிலையம், சுத்திகரித்த கழிவுநீரை மேலும் வடிகட்டி நாளொன்றுக்கு 4.5 கோடி லிட்டர் வரை தொழிற்சாலைகளுக்கு அனுப்பும் கொள்ளளவு கொண்டது. இவற்றுக்கு வருகிற, போகிற குழாய்களெல்லாம் ரோட்டுக்கு அடியில்தான். கூடவே குடிநீர்க் குழாய், மின்கேபிள், டெலிபோன் கேபிள். மேலே, ஏறத்தாழ 350 ஏக்கர் குப்பைக் கிடங்குக்கு இரவும் பகலும் போகும் லாரிகள். பழைய குப்பையைப் பிரித்தெடுக்கும் பயோமைனிங் வேலை தொடங்கிய பிறகு, வெளியே போகும் லாரிகளும் சேர்ந்துகொண்டன.

ரோடு ஏன் ஏறியது என்பதில் ரகசியம் ஒன்றுமில்லை. பழைய ரோட்டின் மேலேயே 40 மில்லிமீட்டர் தார்க்கலவை போட்டுவிடுவது எல்லாருக்கும் வசதி. பழைய ரோடே அஸ்திவாரமாகிவிடும். தோண்ட வேண்டாம், அள்ள வேண்டாம், குழாய் உடையாது, ஒரே ராத்திரியில் தெரு பளபளவென்று ஆகிவிடும். சில வருஷத்துக்கு ஒருமுறை இப்படிப் போட்டுப் போட்டு, நடுவில் பள்ளம் நிரவப் போட்ட ஜல்லியும் சேர்ந்து, தெரு முக்கால் அடி, ஒரு அடி என்று எழும்பிவிடும். பழைய ரோட்டை வெட்டும்போது அதன் குறுக்குவெட்டில் நாலைந்து அடுக்குகளைத் தனித்தனியாகப் பார்க்கலாம். அடியில் இருப்பது காய்ந்து சாம்பல் நிறம், மேலே வர வரக் கறுப்பு. ஒவ்வொரு அடுக்கும் ஒரு டெண்டர். அந்தக் கணக்கில் நஷ்டப்பட்டவர் வீட்டுக்காரர் ஒருவர்தான்.

2021 மே மாதம், அப்போது தலைமைச் செயலாளராகப் பொறுப்பேற்றிருந்த வெ. இறையன்பு, பழைய மேற்பரப்பைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புது ரோடு போட வேண்டும், வீடுகள் தாழ்ந்துபோகக் கூடாது என்று துறைகளுக்கு எழுதினார். இப்படிச் சுரண்டும் மில்லிங் எங்களுக்குப் புதிதில்லை. ஆனால் தெருக்காரர்கள் செய்தித்தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, “தலைமைச் செயலாளரே சொல்லிட்டாரு, சொரண்டாம போடக் கூடாது” என்று சைட்டுக்கு வந்து நின்றது புதிது. நல்ல புதிது.

மில்லிங் செய்துவிட்டால் எல்லாம் தீர்ந்தது என்று நினைப்பதிலும் ஒரு பிழை இருக்கிறது. 40 மில்லிமீட்டர் சுரண்டி 40 மில்லிமீட்டர் போட்டால் ரோடு இருந்த இடத்தில் இருக்கும். இனிமேல் ஏறாது, அவ்வளவுதான். ஏற்கெனவே ஏறியது அப்படியே நிற்கும். அதைக் குறைக்க இன்னும் ஆழமாக வெட்ட வேண்டும். எவ்வளவு வெட்டலாம் என்பதை அடியில் இருக்கும் குழாயும் கேபிளும்தான் தீர்மானிக்கும். அதனால்தான் எஸ்டிமேட் எழுதுவதற்கு முன்னால் தெருவை லெவல் எடுப்பது.

அப்படி ஒரு தெருவில் விடிகாலையில் மட்டம் பார்க்கும் கருவியான ஆட்டோ லெவலை ஸ்டாண்டில் ஏற்றி வைத்தோம். வண்டி நடமாட்டம் தொடங்குவதற்கு முன்னால் முடித்துவிட வேண்டும். வாசலில் இட்லிக்கடை போட்டிருந்த ஆயா ஒருவர் கரண்டியோடு எழுந்து வந்தார்.

“இன்னாபா, படம் புடிக்கிறியா?”

“இல்ல ஆயா. உங்க வூட்டுப் படி எவ்ளோ பள்ளத்துல இருக்குதுன்னு பாக்குறோம்.”

“அதுக்கு எதுக்குபா மெஷினு? மழ பெஞ்சா என் முட்டி சொல்லும்.”

ரோட்டு நடுவில் ஸ்டாஃப் என்கிற அளவுகோலை நிறுத்தி வாசித்தால் 1.215 மீட்டர். ஆயாவின் வாசற்படியில் நிறுத்தினால் 1.480. ஸ்டாஃபில் எண் கூடினால் இடம் தாழ்வு என்று அர்த்தம். வித்தியாசம் 26.5 சென்டிமீட்டர். ஏறக்குறைய பத்தரை அங்குலம் ரோட்டுக்குக் கீழே இருந்தது அந்தப் படி. “வூடு கட்டும்போது ரெண்டு படி ஏறித்தான் உள்ள போவோம். இப்ப ரெண்டு படி எறங்குறோம். வூடு அங்கியேதான் கீது, ரோடுதான் ஏறிப்போச்சு” என்றார் ஆயா. லெவல் புத்தகத்தில் நான் ஒரு பக்கம் எழுதியதை அவர் இரண்டு வாக்கியத்தில் சொல்லி முடித்துவிட்டார்.

அந்தத் தெருவில் இரண்டு தடவை மில்லிங் ஓட்டி 8 சென்டிமீட்டர் எடுத்தோம். அதற்குக் கீழே போனால் வீட்டு இணைப்புக் குழாய்கள். மேலே 4 சென்டிமீட்டர் போட்டோம். நிகரமாக 4 சென்டிமீட்டர் இறங்கியது. “ஒன்ற இன்ச்சுக்கா இவ்ளோ கூத்து?” என்று ஆயா கேட்டதில் நியாயம் இருந்தது. ஆனால் பழைய முறைப்படி மேலேயே போட்டிருந்தால் 4 சென்டிமீட்டர் ஏறியிருக்கும். இரண்டுக்கும் நடுவில் 8 சென்டிமீட்டர், ஒரு செங்கல் உயரம். தண்ணீர் படியைத் தாண்டுவதும் தாண்டாததும் அந்த ஒரு செங்கலில்தான் இருக்கிறது.

மில்லிங்குக்கும் தாருக்கும் இடையே உள்ள நாட்கள்தான் இன்ஜினீயருக்குக் கெட்ட நாட்கள். ரோட்டைச் சுரண்டியதும் மேன்ஹோல் மூடிகள் துருத்திக்கொண்டு நிற்கும். அவற்றை இறக்கி வைக்காமல் தார் போட முடியாது. இறக்குவதற்கு ஆள் வர வேண்டும், சிமென்ட் இறுக வேண்டும். அதுவரை பைக்காரர்கள் தடுமாறுவார்கள், தூசி பறக்கும், “சொரண்டிப் போட்டுட்டுப் போயிட்டாங்க” என்று மாநகராட்சியின் 1913க்குப் புகார் போகும். மூடியைச் சுற்றிக் கல் அடுக்கிச் சிவப்புத் துணி கட்டுவது எந்த எஸ்டிமேட்டிலும் வராத வேலை. அதைச் செய்யாவிட்டால் தூக்கம் வராது.

அடுத்தது ரோடு கட். புது ரோடு போட்ட ஈரம் காய்வதற்குள் யாராவது ஒரு துறையோ கம்பெனியோ தோண்ட வந்து நிற்கும். கட்டணம் கட்டி அனுமதி வாங்கித்தான் தோண்டுகிறார்கள், மறுக்க முடியாது. பிரச்சினை தோண்டுவதில் இல்லை, மூடுவதில் இருக்கிறது. பள்ளத்தை ஒரு சாண் கனத்துக்கு மேல் போகாமல் அடுக்கடுக்காக நிரப்பி, ஒவ்வொரு அடுக்கையும் தண்ணீர் தெளித்து இறுக்க வேண்டும். தோண்டின களிமண்ணையே ஜே.சி.பி. வாளியால் ஒரே தள்ளாகத் தள்ளி, சக்கரத்தை ஏற்றி இறக்கிவிட்டுப் போனால், முதல் மழையில் அந்த நீளம் முழுக்க உள்வாங்கும். மூடின பள்ளத்தில் கடப்பாரையை ஓங்கிக் குத்திப் பார்ப்பது என் வழக்கம். சரியாக இறுக்கியிருந்தால் கை அதிரும். நழுவி உள்ளே போனால் மறுபடி தோண்டச் சொல்லிவிடுவேன். ரோடு சரியில்லை என்று மக்கள் காட்டும் பள்ளங்களில் பல, ரோட்டின் தவறே இல்லை. மூடின குழியின் தவறு.

தார் போடுவது பெரும்பாலும் இரவில். பத்து மணிக்கு மேல் தெரு அடங்கும். கம்ப்ரசர் வைத்துத் தூசியை ஊதித் தள்ளியதும், புது ரோடு பழையதோடு ஒட்ட டேக் கோட் தெளிப்பார்கள். சதுர மீட்டருக்கு 200 முதல் 300 கிராம் தார் எமல்ஷன். தெளித்ததும் பழுப்பாக இருக்கும், தண்ணீர் பிரிந்ததும் கறுப்பாக மாறும். அந்த நிறம் மாறுவதற்குள் கலவையைக் கொட்டக் கூடாது. அவசரத்தில் கொட்டினால் புது ரோடு பழைய ரோட்டோடு ஒட்டாது. அடுத்த வருஷம் தோசை போலப் பெயர்ந்து வரும்.

டிப்பர் வந்து நின்றதும் தார்ப்பாயை விலக்கி, நீளக் காம்பு வைத்த தெர்மாமீட்டரைக் கலவைக்குள் குத்த வேண்டும். வி.ஜி.-30 ரகத் தாருக்கு, கொட்டும்போது குறைந்தது 140 டிகிரி இருக்க வேண்டும். ரோலர் கடைசியாக உருளும்போது 90க்குக் கீழே போயிருக்கக் கூடாது. சூடு இறங்கிய கலவை ரோலருக்கு மசியாது. உள்ளே காற்றுவெளி நின்றுவிடும். மழைத்தண்ணீர் அதில் புகுந்து, ஜல்லியையும் தாரையும் பிரித்துவிடும். குறுகலான தெருவில் பெரிய பேவர் நுழையாது. கலவையைக் கையால் வாரிப் பரப்ப வேண்டியிருக்கும், சூடு இன்னும் வேகமாக இறங்கும். “மேலதான் சார் ஆறியிருக்கு, உள்ள நல்ல சூடு” என்று சூப்பர்வைசர் சொல்வார். தெர்மாமீட்டரை அவர் கையிலேயே கொடுத்து மூன்று இடத்தில் குத்தச் சொல்வேன். 120 என்று அவர் வாயாலேயே வந்துவிட்டால் வண்டி திரும்பும். அதற்கப்புறம் எனக்கு இரண்டு மூன்று போன் வரும். எடுத்துப் பேசுவேன், வண்டி திரும்பினது திரும்பினதுதான்.

கல்யாண வீட்டில்கூட என்னிடம் கேட்பார்கள்: “இதுல எவ்ளோ சார் அடிப்பாங்க?” அதற்கு என்னிடம் ஒரு கணக்கு இருக்கிறது. நூறு மீட்டர் நீளம், ஆறு மீட்டர் அகலம், 40 மில்லிமீட்டர் கனம். மொத்தம் 24 கன மீட்டர், எடையில் 57 டன் போல வரும். கனத்தில் 5 மில்லிமீட்டர் குறைத்தால் ஏழு டன் மிச்சம். நடந்து போகிறவர் கண்ணுக்கு 35க்கும் 40க்கும் வித்தியாசமே தெரியாது. ரோட்டில் திருட்டு இப்படித்தான் வரும், மில்லிமீட்டராக. அதைப் பிடிக்கும் கருவியும் சின்னதுதான். ரோலர் ஏறுவதற்கு முன் பரப்பின கலவையில் ஸ்டீல் ஸ்கேலைக் குத்தினால் 50 காட்ட வேண்டும், அப்போதுதான் இறுகியபின் 40 நிற்கும். பிறகு கோர் வெட்டி எடுத்துக் கனத்தையும் அடர்த்தியையும் சரிபார்க்கலாம். அளவுப் புத்தகமான எம்-புக்கில் நான் எழுதும் எண்ணுக்குத்தான் பணம் போகிறது. அந்த எண்ணை எழுதும் ஆள் ராத்திரி இரண்டு மணிக்கு சைட்டில் நின்றாரா, வீட்டில் தூங்கினாரா என்பதில் ரோட்டின் ஆயுள் இருக்கிறது.

சரியாகப் போட்ட ரோடும் வடசென்னையில் சீக்கிரம் களைத்துவிடும். காரணம் சுமை. அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் 1958 முதல் 1960 வரை, சோதனைக்கென்றே ரோடு போட்டு லாரிகளை ஓட்டிப் பார்த்தார்கள். அச்சுச் சுமை இரட்டித்தால் சேதம் இரட்டிக்காது, ஏறத்தாழ பதினாறு மடங்காகும் என்ற கணக்கு அங்கிருந்து வந்தது. இன்றும் உலகம் முழுக்க ரோடு வடிவமைப்பில் இந்த நான்காம் படிக் கணக்கு வேலை செய்கிறது. 2018இல் மத்திய அரசு, நான்கு டயர் கொண்ட ஒற்றை அச்சுக்கு அனுமதிக்கப்பட்ட சுமையை 10.2 டன்னிலிருந்து 11.5 டன்னாக உயர்த்தியது. சுமை எட்டில் ஒரு பங்குதான் கூடியது, ரோட்டுக்கு விழும் அடி 1.6 மடங்கு.

துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர்களும் மணலிக்குப் போகும் டேங்கர்களும் பெரிய சாலையில் போகும்வரை அது பெரிய சாலைக்காரர்கள் கவலை. எண்ணூர்–மணலி சாலை மேம்பாட்டுத் திட்டம் என்று தேசிய நெடுஞ்சாலை ஆணையமும் துறைமுகங்களும் மாநில அரசும் கைகோத்து வேலை செய்ததே அந்த நெரிசலுக்காகத்தான். பெரிய சாலையில் எங்காவது தோண்டினாலோ வண்டிகள் தேங்கினாலோ, டிரைவர்கள் எங்கள் தெருவுக்குள் திருப்பிவிடுவார்கள். பைக்கும் ஆட்டோவும் போவதற்குப் போட்ட ரோட்டில் ஒரு வாரம் லாரி போனால் சக்கரத்தடம் பள்ளமாகப் பதிந்துவிடும். வண்டியை ஓரம் கட்டி நிறுத்தினாலும் தொல்லைதான். சொட்டுச் சொட்டாக விழும் டீசல் தாரைக் கரைத்துவிடும். அப்படி வண்டிகள் நிற்கும் ஓரங்களில் தார் போடுவதை விட்டுவிட்டு கான்கிரீட் போடச் சொல்லி எழுதியிருக்கிறேன். இத்தனைக்கும் தார் வரும் இடம் தூரமில்லை. மணலி சுத்திகரிப்பு ஆலையில் கச்சா எண்ணெயின் அடிக்கசடாகத் தங்குவதுதான் எங்கள் தார். ரோட்டை ஒட்டும் பொருளும், அதைக் கரைக்கும் டீசலும் ஒரே வாசல் வழியாகத்தான் வெளியே வருகின்றன.

அக்டோபர் பிறந்தால் ரோடு வேலை நிற்கும், இன்ஜினீயர் வேலை நிற்காது. மழை நாளில் தெருவில் இறங்கி நடப்பதைவிட நல்ல லெவல் சர்வே கிடையாது. கட்டம் கட்டமாக மட்டம் எடுத்து வரைபடம் போட்டாலும் தெரியாத ஒரு விரற்கடைப் பள்ளம், தண்ணீர் நின்றதும் தானாகத் தெரியும். சுவரில் தண்ணீர்க் கோட்டுக்குப் பெயின்டால் ஒரு குறி போட்டுவிட்டு வருவோம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழை வடசென்னையை மூழ்கடித்தபோது, அப்படிப்பட்ட பழைய குறிகள் பலவும் தண்ணீருக்குள் போயின.

தேங்கின தண்ணீர் என்பது வெறும் அசௌகரியம் என்று யாராவது பேசினால் எனக்கு ஆத்திரம் வரும். 2017 நவம்பர் முதல் தேதி, கொடுங்கையூர் ஆர்.ஆர். நகரில், தெருவில் நின்ற மழைநீரில் மறைந்து கிடந்த மின்கேபிளை மிதித்து இரண்டு சிறுமிகள் இறந்தார்கள். தெரு உயர உயர, ஒரு காலத்தில் உயரத்தில் வைத்த மின்பெட்டிகளும் தாழ்ந்துபோகின்றன. அந்தச் சாவுகளுக்குப் பிறகு, லெவல் எடுக்கும்போதெல்லாம் பில்லர் பாக்ஸ் எனும் அந்த மின்பெட்டிகளின் அடிமட்டத்தையும் சேர்த்து எழுதுவதை வழக்கமாக்கிக்கொண்டேன். எழுதி, மின்வாரியத்துக்கு ஒரு நகல் அனுப்பிவிடுவது.

எங்களுக்கு வடக்கே மணலி, மாதவரம், திருவொற்றியூர்ப் பக்கங்களில், ஆசிய வளர்ச்சி வங்கியின் 25.1 கோடி டாலர் கடனோடு கொசஸ்தலையாறு வடிநிலப் பகுதிக்கான மழைநீர் வடிகால் திட்டம் வந்தது. நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் புது வடிகால். நல்லதுதான். ஆனால் வடிகால் எவ்வளவு பெரிதானாலும், தெரு அதை நோக்கிச் சாய்ந்திருக்க வேண்டும், வீடு தெருவுக்கு மேலே இருக்க வேண்டும். கையில் காசு இருக்கிறவர் வீட்டை இடித்து நாலடி உயர்த்திக் கட்டிக்கொள்கிறார். அவர் வாசலில் விழும் மழையும் சேர்ந்து, உயர்த்த முடியாத அடுத்த வீட்டுக்குப் போகிறது. பள்ளத்தில் மிஞ்சுகிறவர்கள் பெரும்பாலும் வாடகைக்கு இருப்பவர்களும் வயதானவர்களும்தான்.

ரோடு எஸ்டிமேட்டில் ஜல்லியின் அளவு, தாரின் ரகம், கனம், வண்டி வாடகை என்று எல்லாவற்றுக்கும் ஒரு பத்தி உண்டு. அதில் இன்னும் ஒரு பத்தி சேர்க்க வேண்டும் என்பது என் கட்சி: கதவு எண் வாரியாக வாசற்படி மட்டம். வேலைக்கு முன்னால் ரோடு படியைவிட எவ்வளவு மேலே அல்லது கீழே, வேலை முடிந்தபின் எவ்வளவு. முன்பிருந்ததைவிட ஒரு வீட்டின் நிலைமை மோசமாகியிருந்தாலும் கடைசி பில் நிற்க வேண்டும். இதனால் வேலை தாமதமாகும் என்பார்கள். ஒரு நடுத்தரத் தெருவுக்கு லெவல் எடுக்க ஒரு காலைப்பொழுது போதும், ஒரு கருவி, இரண்டு ஆள். எடுத்த பட்டியலை நகலெடுத்துத் தெருமுனையில் ஒட்டிவிட்டால், மேற்பார்வைக்குத் தனியாக ஆள் போட வேண்டியதில்லை. ஒவ்வொரு வாசலிலும் ஒருவர் டேப்போடு நிற்பார்.